பெர்த்துக்குத் தனியாகப் போய் வந்தேன், மச்சான்

மச்சான்,

பெர்த் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, குளிப்பதற்குத் தண்ணீர் மொள்ளும் சிவப்பு பிளாஸ்டிக் குவளையை வெளியே எடுத்தார். நீளக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றுபோன என் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து ஒளிந்துகொண்டது. வேறு வழியில்லாமல் குனிந்து, இல்லாத வாளியில் இல்லாத தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றி, கண்ணை மூடி முகத்தையும் வழித்துக் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் கைதட்டினார். குவளையைத் திரும்ப வாங்கியபோது உன் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அதை எடுத்துப் போகச் சொன்னதே நீதானே.

மகள் அங்கே தாதிப் படிப்புக்குச் சேர்ந்த சமயம் நாம் இரண்டு பேரும் போனோமே, நினைவிருக்கிறதா? பீடோர் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் குழாயடியில் குளித்து வளர்ந்த உடம்பு இது. தலையில் தண்ணீரைக் கொட்டினால்தான் குளித்த மாதிரி இருக்கும். அவளுடைய வாடகை வீட்டுக் குளியலறையில், தொட்டிக்கு வெளியே நட்ட நடுவில் நின்று, குப்பைக் கூடையில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டேன். அந்த ஊரில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி வைப்பதில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு அடியில் புகுந்து கூடத்துக் கம்பளம் வரை போய்விட்டது. நீ உன் சாரோங்கை மடித்துக் கம்பளத்தை அழுத்தி அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"என்னப்பா இது?"

நான் வாயைத் திறக்கும் முன் நீ முந்திக்கொண்டாய். "நான்தாம்மா. ஒங்கப்பா அப்பவே சொன்னாரு, நாந்தான் கேக்கல."

அதே நாட்டில் திராட்சைத் தோட்டத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் வருசக்கணக்காக வேலை பார்த்தவன் நீ. அவள் அதை நம்பியிருக்க மாட்டாள். இருந்தாலும் திட்டு முழுவதையும் தலையைக் குனிந்து நீதான் வாங்கினாய். அப்புறம் என்னைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னாய்: "அடுத்த தடவ கொவளைய கொண்டா. தொட்டிக்குள்ள உக்காந்து ஊத்துலா, வெளிய சிந்தாது."

அந்த அடுத்த தடவைக்கு நீ இல்லை.

அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நிரந்தர வேலை கொடுத்திருக்கிறார்கள். அவள் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவும் போய், நீயும் போன பிறகு, அப்பா தனியாக என்ன செய்வார் என்கிற கவலை. "நான் ஈப்போவுக்கே, நம்ம வீட்டுக்கே வந்துடவாப்பா?" என்று போனில் கேட்டாள். மறுநாளே டிக்கெட் போட்டேன். தனியாகப் போய், தனியாகச் சுற்றி, இந்த மனுசன் சமாளித்துக்கொள்வான் என்று அவள் கண்ணுக்கு முன்னால் காட்டிவிட வேண்டும். நல்லவேளை, குவளை நாடகத்தை அவள் பார்க்கவில்லை. வெளியே காத்திருந்தாள்.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்கிற கேள்விக்கு ஆமாம் என்றே போட்டேன். "மறைச்சாதான் மாட்டுவ. காட்டிட்டா அவனுக்கே போரடிச்சிரும்" என்பாயே, அப்படியே நடந்தது. கருவாட்டை விட்டுவிட்டார்கள், பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெளியே கிளம்பும்போதெல்லாம் பையில் ஒரு காலி போத்தல் வைத்துக்கொண்டேன். அந்த ஊர்க் கழிவறைகளில் காகிதம்தான் இருக்கும். ஏறுகிற ஸ்டேசன் பலகையையும் மகள் வீட்டுத் தெருப் பலகையையும் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் வேலைக்குப் போனதும் ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போய் மீன் வாங்கினேன். திரும்பும்போது ஒரு ஸ்டேசன் முன்னாலேயே இறங்கித் தொலைத்தேன். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. வெயிலில் மீன் வேறு கையில். அவளுக்குப் போன் போட்டால் ஓடி வருவாள், ஆனால் அத்தோடு என் பயணம் தோற்றுவிடும். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு நாய் வரும் வரை நின்றேன். "வழி கேட்டா நாய் புடிச்சிட்டுப் போறவங்கள கேளு. அவங்கதான் அந்த ஏரியாக்காரங்க" என்பது உன் கண்டுபிடிப்பு. சடை நாயோடு ஒரு பெரியவர் வந்தார். தெருப் பலகைப் படத்தைக் காட்டினேன். நாயின் கதை முழுவதையும் சொல்லிக்கொண்டே என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டார். நானும் எஸ், எஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவள் வீட்டுக்கு வந்தபோது சோறும் மீன் குழம்பும் தயார்.

"தொலையலியாப்பா?"

"நான் ஏன் தொலையுறேன்?"

சிரித்துவிட்டாள். "மாமா இருந்தா இந்நேரம் பெரும தாங்காது." சாப்பிட்டுக் கை கழுவும்போது, "சரிப்பா, நாளைக்கு கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றாள். ஜெயித்துவிட்டேன், மச்சான்.

இப்போது நம் தாமான் குடியிருப்பில் யார் வெளிநாடு போனாலும் முதலில் என்னிடம் வருகிறார்கள். "அண்ணே, எதெத எடுத்துட்டுப் போலாம்?" என்று கேட்கிறார்கள். உன் சரக்கையெல்லாம் என் சரக்கு மாதிரி அவிழ்த்து விடுகிறேன். பாதியில் உன் குரல் மாதிரியே என் குரலும் மாறிவிடுகிறது. அதை எனக்குத் தடுக்கத் தெரியவில்லை.

பெர்த்திலிருந்து கிளம்பின அன்று விமான நிலையத்தில் அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அப்பா, இன்னும் ஒன்னும் கெட்டுப்போகல. ஒரு வார்த்த சொல்லுங்க, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துர்றேன்."

"போம்மா, ஒனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றேன். அவள் பார்க்கும் வரை நிமிர்ந்துதான் நடந்தேன்.

அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தை என் வாய்க்குள்ளேதான் இருந்தது, மச்சான். வா.