முகம் மட்டும் உன்னுடையது

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ 'ம்' என்பாய், எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். உன் கைபேசியை அத்தான் பிடுங்கி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அதனால்தான் கடிதம், அதுவும் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட விலாசத்துக்கு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் வேறு கதை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் கடை மாடியில் ஓவியர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஆடையில்லாமல் ஒருவர் உட்காருவார், நாங்கள் வரைவோம். அப்படி உட்கார வருகிற அம்மாள் மற்ற நாட்களில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவரைக் கவனித்துக்கொள்கிறவர். இந்த விஷயம் தெரிந்தால் அந்த வீட்டில் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: வெளியே காட்டுகிற படத்தில் உட்கார்ந்தவருடைய முகம் இருக்கக் கூடாது, வேறு முகம் போட வேண்டும்.

நானும் போட்டேன். உடம்பைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முகத்தை மட்டும் யாரையும் பார்க்காமல், கை போன போக்கில் வரைந்தேன். கை எங்கே போகும்? சின்ன வயதில் நீ வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து உன்னையே கிறுக்கிய கை அது. உன் மூக்கு, உன் மோவாய், யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிக்கிற உன் பழக்கம் எல்லாம் வந்துவிட்டது. சத்தியமாக நான் கவனிக்கவில்லை, அக்கா. நன்றாக வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் என் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டேன். உன் கொழுந்தன் கண்ணில்தான் அது முதலில் பட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடனே எடுத்திருப்பேன். அவன் உங்கள் குடும்பக் குழுவில் அனுப்பினான், "அண்ணி மாதிரியே இல்ல?" என்று சிரிப்புப் பொம்மையோடு.

சீ! எழுதவே கை கூசுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள்தான் காலம் கெட்டுப்போச்சு என்று எழுதினார்கள். தேனொழுகப் பேசுவாரே உன் சின்ன மாமனார், அவர் எனக்குத் தனியாக எழுதி, இந்த மாதிரி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான் படம் போட்டுக் கொடுக்கும் பத்திரிகையின் ஆசிரியரோ, இனி குழந்தைகள் கதையை உன்னிடம் கொடுக்க யோசனையாக இருக்கிறது என்றார். பேசிய நேரம் முழுக்க அவர் கணினியில் அந்தப் படம்தான் திறந்திருந்தது. உடம்பை வரைய நான் ஒரு நாளும் கூசியதில்லை. மடிப்பு, தொங்கல், காய்ப்பு எல்லாவற்றையும் ஆசையாகத்தான் வரைகிறேன். இவர்கள் கண் பட்ட பிறகு, அந்தத் தாளையே கழுவ வேண்டும் போலிருக்கிறது.

போன வாரம் அத்தான் கூப்பிட்டார். "அது இவ இல்லைன்னா யாருன்னு சொல்லு. பேரும் போட்டோவும் குரூப்ல போடு. அதுவரைக்கும் இவகிட்ட எனக்குப் பேச்சே இல்ல" என்றார். "உங்க அக்கா வாழ்க்கையைவிட எவளோ ஒருத்தி பெருசாடி?" என்று அம்மாவும் அழுகிறாள். இணையப் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். பெயரைச் சொன்னால் அந்த அம்மாளின் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால் உனக்கு நரகம்.

நேற்று அந்தப் படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அக்கா, அதில் வயிற்றுக்குக் குறுக்கே தடிமனாக ஒரு ஆபரேஷன் தழும்பு இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே தீக்காயம். எதையும் மழுப்பாமல் வரைந்திருக்கிறேன். உனக்கு இரண்டும் கிடையாது. குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. அத்தானுக்குமா தெரியாது? உன்னோடு இரண்டு பிள்ளை பெற்று, இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர், அந்தப் படத்தைப் பார்த்து நீதான் என்று கத்துகிறார். ஒன்று, அவர் உன்னை ஒரு நாளும் பார்த்ததே இல்லை. இல்லாவிட்டால், நீ இல்லை என்று தெரிந்தேதான் கத்துகிறார். எது என்று உனக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டுமே அருவருப்பாக இருக்கிறது.

பெயரை நான் சொல்லப் போவதில்லை. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. வரைகிற மேசையைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டேன், அறையில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

ஒன்றே ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நிரூபிக்கிறேன் பேர்வழி என்று அந்த மனிதர் முன்னால் துணியை விலக்கிக்கொண்டு மட்டும் நிற்காதே, அக்கா.

உன் தங்கச்சி