வளர்ச்சிக்கு அப்பா தந்த வேலை

ஜனவரி 1, இரவு.

இந்த ஆண்டு முழுவதும் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து நடப்பதென்று முடிவு செய்திருந்தேன்: என் வளர்ச்சி. தவறைத் தவறென்று சொல்லும் அளவுக்காவது வளர வேண்டும். மதியம் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். நாரணாபுரத்தில் அப்பா முதலாளியாக இருந்து நடத்தும் எங்கள் பட்டாசு ஆலையில், நான்கு பேருக்கு அனுமதியுள்ள மருந்து அடைக்கும் அறையில் ஆறு பேர் உட்காருவதையும் சொன்னேன்.

அப்பா கோபப்படவில்லை. சிரித்தார்.

"வளரணுங்கிற. நல்லதுலே. நாளையிலேருந்து நீதான் போர்மேன். எத்தன பேரு உக்காரணும்னு நீயே சொல்லு. ஆர்டர் மட்டும் கொறையக் கூடாது."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. "பிள்ளைய எதுக்கு இதுல இழுத்து விடுறீக?"

இங்கே எல்லோருக்கும் தெரியும். வெடித்தால் முதலாளி தலைமறைவாகிவிடுவார். போலீஸ் போர்மேனைத்தான் பிடித்துக்கொண்டு போகும். பழைய போர்மேன் போன வாரம் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

"சரிப்பா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

காலையில் ஆறு பேரும் வருவார்கள். இரண்டு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் படுத்ததிலிருந்து, அவர்கள் இல்லாமல் ஆர்டருக்கான லோடு எப்படி முடியும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.