மிளகுபோல் மின்னிய புங்கன் விதை

வெள்ளி, இரவு

இன்று எங்கள் பயோடீசல் கூடத்தில் எண்ணெய் டீசலாகவில்லை. புங்கன் எண்ணெயில் காஸ்டிக் சோடா கலவையை ஊற்றியதும் டிரம் முழுக்கச் சோப்புக் கூழாகத் திரண்டுவிட்டது. விதை வெளியே மின்னினாலும் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது.

பொன்னாயி அக்கா பொறுக்கிக் கொடுத்த விதை அது. போன வாரம் அதன் பளபளப்பைப் பார்த்து, "இத்தனை சுத்தமா யாருமே கொண்டாரலீங்கக்கா" என்று எல்லார் முன்னாலும் மெச்சினேன். அது எப்படி மின்னுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் மிளகு விளையும் வீட்டில் பிறந்தவள்தான். கொதிநீரில் முக்கிக் காயவைத்தால் மிளகு எப்படி மின்னும் என்று எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் அக்கா அடுத்த மூட்டையோடு வந்தார். டிரம்மைக் காட்டிச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "மொளகாட்டம் சுடுதண்ணீல முக்கித்தான் காயவெச்சேன் கண்ணு. நீ மெச்சுனயில்ல, நம்ம மலையில குண்டூர் நாட்டு ஊருகள்ல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

"சந்தோசமுங்கக்கா" என்றேன். மூட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

காலையில் அந்த ஊர்களிலிருந்து ஜீப் நிறைய விதை வரும். எல்லாம் மினுமினுவென்று இருக்கும்.