பத்தாவது ஆள்

கொலோனியா எஸ்ரா,
எந்த்ரே ரியோஸ்.
ஆகஸ்டு 1964

தம்பி ஃபிஷெலுக்கு, அக்கா ஸ்லாத்தா எழுதுவது. நீ புதிதாக வைத்துக்கொண்ட பாப்லோ என்ற பெயரை எழுத என் கைக்கு வரவில்லை. உன் சபையார் யாராவது இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டால் நீயே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்.

அப்பா இறந்துவிட்டார். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று சுற்றி வளைத்துவிட்டு நடுவில் போட்டு உடைக்க எனக்குத் தெரியாது. அடக்கமும் முடிந்தது. உனக்குத் தந்தி கொடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அப்பாவின் குழியருகே யாரும் காதிஷ் சொல்லவில்லை. பெற்றவர் இறந்தால் மகன் எழுந்து நின்று சொல்ல வேண்டிய ஜெபம் அது என்றும், சுற்றிலும் பத்து யூத ஆண்கள் இல்லாமல் அதைச் சொல்லக் கூடாது என்றும், மதம் மாறியவன் அந்தப் பத்தில் சேர மாட்டான் என்றும் உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ரொசாரியோவில் இருபது வருடமாக வேறு ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கிறவன் மறந்தாலும் மறந்திருப்பாய்.

மார்ச்சில் அம்மா இறந்தபோது நம் யூதக் குடியேற்றமான இந்தக் கொலோனியாவில் மிஞ்சிய ஆண்கள் ஒன்பது பேர், அப்பாவையும் சேர்த்து. இங்கே பிறந்த பையன்கள் எல்லாம் புவனோஸ் ஐரிஸில் டாக்டராகவும் துணிக்கடைக்காரனாகவும் இருக்கிறார்கள். பண்டிகைக்குக் கூட வருவதில்லை, மாட்டுச் சாண நாற்றம் அவர்கள் மனைவிமாருக்கு ஆகாதாம். பக்கத்து ஊர் யூதர்களுக்குச் சொல்லி அனுப்பினோம். மழையில் பாதை சேறாகிவிட்டது, வண்டி வராது என்றார்கள். ரொசாரியோ ரயில் மட்டும் வரும். அதனால்தான் உனக்குத் தந்தி கொடுத்தேன். அப்பாவைக் கேட்கவில்லை. அவருக்கு நீ இறந்து பல வருடம் ஆகியிருந்தது.

நீ ஞானஸ்நானம் வாங்கிய செய்தி வந்த ஜனவரியில் அவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஏழு நாள் குட்டை முக்காலியில் உட்கார்ந்து உனக்குத் துக்கம் காத்தார். அம்மாவும் உட்கார்ந்தாள். ஆனால் துக்கக்காரர்கள் காலணி போடக் கூடாது அல்லவா, அம்மா கழற்றவே இல்லை. கால் குளிர்கிறது என்றாள். வெளியே வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் உன் மதத்தைப் பற்றி என்றைக்கும் பெரிதாகப் பேசியதில்லை. நீ ரத்தம் கக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நம்மில் யாரும் அங்கே வரவில்லை. அறுவடைக் காலம். வந்தவள் அந்த பாப்திஸ்து நர்ஸ்தான், உன் பாத்திரத்தைக் கழுவி வைத்தவளும் அவள்தான், தன் வேதப் புத்தகத்தை வாசித்துக் காட்டியவளும் அவள்தான். யார் வந்தார்களோ அவர்களுடைய கடவுள் உனக்குக் கிடைத்தார். அதில் எனக்கு வழக்கு இல்லை.

அன்றைக்கு ஸ்டேஷனில் நீ இறங்கியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொப்பை, வழுக்கை, தாடி. இது போதும் என்று நினைத்தேன். "உன் பேரு கட்ஸ். ரொசாரியோவுல துணி வியாபாரம். வழியில கேள்விப்பட்டு வந்த. ஆமேன் சொல்றதுக்கு மட்டும் வாயைத் திற, மத்த நேரம் மூடிக்கிட்டு இரு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினாய். வண்டியில் வரும்போது, "அக்கா, நான் யாரையும் விட்டுட்டுப் போகல. நான் கண்டுபிடிச்ச இயேசுவும் நம்ம ஆளுதான். தீர்க்கதரிசி ஏசாயா வருவாருன்னு சொன்னாரே, அவருதான்" என்றாய். "நம்ம ஆளா இருந்தா இன்னைக்கு எண்ணிக்கைக்கு அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, எனக்கு இந்தத் திருட்டு வேலை மிச்சமாயிருக்கும்" என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அம்மா வீட்டில் தரையில் கிடக்கிறாள், நாம் வண்டியில் சிரித்துக்கொண்டு வருகிறோம்.

கல்லறையில் நடந்ததை நீ பார்த்தாய். நீ கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஊருக்கு எந்த யூதன் புதிதாக வந்து இறங்கினாலும் நம் ஆட்கள் அவனை எப்படிப் பிடுங்கி எடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். யார் மகன், தாத்தா எந்த ஊர், அம்மா வீட்டார் யார், கட்ஸ் என்றால் எந்த கட்ஸ், பெசராபியா கட்ஸா போடோலியா கட்ஸா. தண்ணீர் கொடுக்கும் முன்பே குலம் கோத்திரம் எல்லாம் கேட்டு முடித்துவிடுவார்கள். அன்றைக்கு யாராவது உன்னை ஒரு கேள்வி கேட்டார்களா? ஜெபம் நடத்தும் ஆன்ஷெல், ஆடு அறுக்கும் முன் அதன் வம்சத்தையே விசாரிக்கிற மனுஷன், உன் முகத்தைப் பார்த்து, "கட்ஸா? சரி சரி, நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மகன் சொல்ல வேண்டிய காதிஷை அப்பாவே சொல்ல ஆரம்பித்து நடுவில் தடுமாறி நின்றார். நீ பின்னாலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாய். மெதுவாகத்தான் கொடுத்தாய், ஆனால் அப்பா உனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்த அதே இழுப்போடு கொடுத்தாய். அவர் பிடித்துக்கொண்டு முடித்தார். பத்து பேரும் ஆமேன் சொன்னீர்கள். பெண்கள் நிற்கும் இடத்தில் நின்று கேட்ட எனக்கு உடம்பெல்லாம் நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்குச் செய்ய வேண்டியது நடந்துவிட்டது.

அதோடு நீ ரயில் ஏறியிருக்கலாம்.

வீட்டில் துக்கச் சாப்பாட்டுக்கு எல்லாரும் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு வெல்வெல் உன் முதுகில் தட்டி, "கட்ஸ், நீங்க இல்லேன்னா இன்னைக்கு பெசியாவோட அடக்கத்துல ஒண்ணுமே நடந்திருக்காது" என்றார். எவ்வளவு அழகாக உனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். நீ எழுந்து நின்றாய். அடுப்படியிலிருந்து உன் முகத்தைப் பார்த்தேன். பிரசங்கம் பண்ணுகிறவன் முகம் அது.

"நான் கட்ஸ் இல்ல" என்று ஆரம்பித்தாய்.

வெல்வெல் உடனே, "பயணக் களைப்பு. பாவம், என்னமோ உளர்றாரு. உட்காருங்க, முட்டையைச் சாப்பிடுங்க" என்று உன் கையைப் பிடித்து இழுத்தார். நீ கையை உருவிக்கொண்டாய். "என் பேரு ஃபிஷெல். நோத்தே மகன். இயேசுவை ஏத்துக்கிட்டவன். எங்க அம்மா அடக்கத்தன்னைக்கு ஒரு பொய்யோட நின்னுட்டு என் கர்த்தர் முகத்துல நான் முழிக்க முடியாது" என்றாய். கண்ணில் தண்ணீர் வேறு.

ஆன்ஷெல் உரித்த முட்டையைத் தட்டில் வைத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முக்காலியில் இருந்த அப்பா என்னிடம், "ஸ்லாத்தா, கதவைத் திற. இவர் போகணுமாம்" என்றார். நீ அப்பா என்றாய். "எனக்கு மகன் இல்ல. இருந்தவன் செத்துட்டான், நானே உட்கார்ந்து அழுதேன். இங்க இருக்கிறவங்க எல்லாரும் சாட்சி" என்றார். நீ போனாய். உனக்குத் தெரிந்த கதை இதோடு முடிகிறது. உன் சபையில் இதைச் சாட்சியாகச் சொல்லி எல்லாரையும் அழவைத்திருப்பாய். மீதியையும் கேள்.

நீ போனதும் ஆன்ஷெல், "அப்ப கல்லறையில நாம ஒன்பது பேர்தான்" என்றார். அவ்வளவுதான். ஒன்பது என்றால் அம்மாவுக்குக் காதிஷ் சொல்லவில்லை என்று அர்த்தம். முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். துக்கம் காக்கிற ஏழு நாளும் ஒருத்தரும் வரவில்லை. வந்தால், தெரிந்தேதான் உன்னை எண்ணினார்கள் என்று ஆகிவிடுமே. அப்பா ஏழு நாளும் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போட்ட சூப்பைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார்.

ஆமாம், தெரிந்தேதான் எண்ணினார்கள். எல்லாரும். பிறகு ஒருநாள் மாடு கறக்கும்போது வெல்வெல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "காது உங்கப்பாவோடது, நடை உங்கம்மாவோடது. துணி விக்கிறவன் எதுக்கு நோத்தே ராகத்துல இழுக்கணும்? நாங்க கிழடுதான், செவிடு இல்லம்மா." பின்னே ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். "கேட்டாத்தானே தெரியும்? நாங்க யாரும் கேட்கல. பெசியா நல்ல பொம்பள. ஆனா அவன் சொல்லிட்டான். சொன்னதை எப்படிக் கேட்காத மாதிரி இருக்கிறது?" என்றார்.

உன் தாயைப் புதைக்க எட்டுக் கிழவர்கள் தங்கள் ஆயுசு முழுக்கக் கட்டிக் காத்த சட்டத்தை ஒரு சாயங்காலத்துக்கு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். நீ அதை வெளியே இழுத்து அவர்கள் முகத்திலேயே விரித்தாய். உன்னிடம் யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை தம்பி. சும்மா இருக்கத்தான் சொன்னோம். உன் கர்த்தருக்கு அதற்குக் கூடப் பொறுமை இல்லையா?

அப்பாவுக்கும் தெரியும். ஜூலைக் குளிரில் மார்பில் சளி கட்டிப் படுத்தபோதுதான் வாயைத் திறந்தார். "ரயிலடியிலருந்து வந்து வாசல்ல தொண்டையைக் கனைச்சான் பாரு, அப்பவே தெரியும். பேசாம இருந்திருந்தா ஏழு நாளும் என் பக்கத்து முக்காலியில உட்கார்ந்திருப்பான். நானும் கட்ஸ், கட்ஸ்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உன்னை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வந்து? மறுபடி உண்மையைச் சொல்லவா?" என்றார்.

அவர் போனதும் ஆண்கள் எட்டு. வெல்வெல் அந்த வயதில் குதிரையேறி பக்கத்து ஊருக்குப் போய் இரண்டு பேரைக் கேட்டார். இந்த முறை பாதை காய்ந்துதான் கிடந்தது. "உங்க கொலோனியால யாரை யாரை எல்லாம் எண்ணுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுப்பா, எங்களை விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உன்னைச் சேர்த்தாலும் ஒன்பதுதான். ஒன்பதுக்கு எதற்குத் தந்தி? அதனால்தான் கொடுக்கவில்லை.

மண்ணைத் தள்ளினார்கள். காதிஷ் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் எல்லாரும் அப்படியே நின்றார்கள். ஆன்ஷெல் ஜெபப் புத்தகத்தை மூடினார். ஒருவர், மழை வரும்போல இருக்கிறது என்றார். கிளம்பிவிட்டார்கள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மாடுகளை வெல்வெலிடம் விட்டுவிட்டேன். ஜெப ஆலயத்தைப் பூட்டி, தோரா வேதச் சுருளைத் தலைநகருக்கு எடுத்துப் போகப் போகிறார்கள். நானும் அங்கே சித்தி மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன். உன் மனைவி டிசம்பரில் அனுப்பிய இனிப்பு ரொட்டி நன்றாக இருந்தது, கோழிகளுக்கும் பிடித்திருந்தது. அவளிடம் ஒரு குறையும் இல்லை, என்னை விசாரித்ததாகச் சொல். உன் மார்பைக் குளிரில் காட்டாதே, உனக்கும் அப்பாவுக்கும் ஒரே நெஞ்சு.

நீயும் உன் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் இருங்கள். அதை மனதாரத்தான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவருக்கு நீ ஒருவன்தான் மகன். உன் கோயிலிலோ, வீட்டுக் கொல்லையிலோ, யாரும் இல்லாத நேரம் பார்த்து எழுந்து நின்று அவருக்குக் காதிஷ் சொல். பத்து பேர் இருக்க மாட்டார்கள். கணக்கில் சேராது. உன் கர்த்தருக்கு அது சரியா என்று எனக்குத் தெரியாது, நம் சட்டத்துக்குத் தப்பு என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொல்.

சொன்னேன் என்று எனக்கு எழுதாதே.

உன் அக்கா,
ஸ்லாத்தா