கறிவேப்பிலைக்கு ஊதா விளக்கு

ஜூலை 9, வியாழன்

கறிவேப்பிலைச் செடி இன்றும் ஒரு கொத்து இலையை உதிர்த்துவிட்டது. பூமியின் இந்தத் தென்கோடியில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; வெளியே குளிர் தாங்காது என்று அறைக்குள் வைத்து, வெயிலுக்குப் பதிலாக ஊதா விளக்கு போட்டு வளர்க்கிறேன். வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் முதலில் அதற்குத்தான் தண்ணீர் ஊற்றுவேன். அப்படியும் மஞ்சளாகிறது.

மாலையில் த்ரீ கிங்ஸ் பகுதியில் விளக்கு வாங்கிய கடைக்கே போனேன். கவுன்டரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம், விளக்கடியில் இருக்கிற செடி வாடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல்முறை கஞ்சா வளர்க்கிற எல்லாரும் விடுற பிழைதான் தம்பி. தண்ணியை ஊத்தி ஊத்தியே கொல்லுறது. மண் காயும்வரைக்கும் தொடாதேங்கோ. லைட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

கறிவேப்பிலை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார். சொல்லாமல் விட்டதால் வேர், காற்று, உரம் என்று கடை மூடும்வரை கதைத்தார். ஆபீஸ் மீட்டிங்கைத் தவிர இந்த மாதம் என்னிடம் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

"அடுத்த கிழமை வந்து எப்பிடி இருக்கெண்டு சொல்லுங்கோ" என்றார்.

"கண்டிப்பா வர்றேண்ணே" என்றேன்.

விளக்கை உயர்த்திக் கட்டிவிட்டேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் சொதசொதவென்று இருக்கிறது. காய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.