களையான கோரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்தைக் கடைசியில் கேட்கிறேன், முதலில் கேட்க மனசு வரவில்லை.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நாறிக்கொண்டிருந்த பள்ளம் உனக்குத் தெரியும், வாய்க்கால் ஓரத்திலிருந்து நாலு கோரைக்கிழங்கு கொண்டுவந்து அதில் நட்டேன், ஒரு வருஷத்தில் இடுப்பளவு வளர்ந்து, நாற்றமும் போய், தட்டான்கள் வர ஆரம்பித்தன. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் உருளாது, மூன்று பட்டை, அதைத் தொட்டுப் பார்க்கவே நான் தினமும் துணி துவைக்கிறேன் என்று அப்பா கேலி செய்வார். வீடியோவில் காட்டியபோது "கொல்லையே களையா இருக்கும்மா" என்றாய். களை என்றால் லட்சணம் என்று எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம்கூடப் பீற்றிக்கொண்டேன், அசடு.

போன வாரம் சித்தி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால் பள்ளம் முழுக்கச் செம்மண் கொட்டி மட்டமாக இருக்கிறது. "பூச்சி அரிச்சிடுச்சு, நான் என்ன பண்றது" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். நானும் நம்பி, அவருக்கே ஆறுதல் வேறு சொன்னேன். நேற்று சித்தி அனுப்பிய படத்தைப் பார்க்க அவர் போனை வாங்கினேன், விரல் எங்கேயோ பட்டு, நீ அவருக்கு அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் ஓடி, உன் குரல் பேசியது. "அது வெறும் களைதாம்பா, பாம்பு வந்து அடையும். அம்மா சித்தி வீட்டுக்குப் போறப்ப பிடுங்கிடுங்க, கேட்டா பூச்சி அரிச்சிடுச்சுன்னு சொல்லிடுங்க." அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

அவருக்குச் சொந்தமாகப் பொய் சொல்ல வராது, அதனால் அவர்மேல் கோபம் ஒரு வேளைக்கு மேல் நிற்கவில்லை. நீ பயத்தை என்னிடமே சொல்லியிருக்கலாம், சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாயே, அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம்கூட வந்ததில்லை, இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

இன்று காலை செம்மண்ணைப் பிளந்துகொண்டு மூன்று முளை விட்டிருக்கிறது. மேலே பிடுங்கினால் கிழங்கு அடியிலேயே தங்கிவிடும் என்பது உங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அப்பா பார்த்தார், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். அவரை மறுபடி கிளப்பிவிடாதே.

வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பட்டினி கிடக்காதே. கோபம் இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கமாட்டேன், நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இரு. தினமும் போனில் "நான் நல்லா இருக்கேம்மா" என்கிறாய். அதையாவது நான் நம்பலாமா என்று எழுது.

உன் அம்மா