மதில்மேல் இரண்டாவது உருண்டை

அம்மா,

இன்று உன் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை. என் வேலையிடத்துப் பெட்டிகளிலும் இதே வாசனைதான். மாலைதோறும் என் தலைமுடியோடு வீட்டுக்கு வந்ததும் இதுதான்.

அருங்காட்சியகத்துக்கு வரும் கூட்டம் கண்ணாடிக்குள் கிடக்கும் மம்மியைப் பார்த்துவிட்டுப் போய்விடும். பின்னறைப் பெட்டிகளில் இருக்கும் எலும்புக்கூடுகளைத் துடைத்து, அளந்து, பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அது தெரிந்த அன்றே உன் அண்ணா, பெரிய மாமா, கரமனையில் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பொணத்தைத் தொட்டுட்டு வரவ அடுக்களைக்குள்ளே நுழையறதாவது! வேலையை விடச் சொல்லு."

நீ காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "அண்ணா, உன் முட்டியை ஆபரேஷன் பண்ணின டாக்டர் அதுக்கு முன்னாடி யாரைத் தொட்டார்னு கேட்டியோ? இவ குளிச்சுட்டுத்தான் உள்ளே வருவாளாக்கும்."

ராஜினாமாக் கடிதம் அப்போதே என் பையில் இருந்தது. என்னால் நீ உறவுக்காரர்களிடம் பேச்சு வாங்க வேண்டாம் என்று எழுதியது. மறுநாள் மாலை கொல்லைக் கதவருகே வெந்நீர் வாளியும் துண்டும் வைத்திருந்தாய். நீயும் என்னை விலக்குகிறாய் என்று நினைத்தேன். குளித்துவிட்டு வந்து, முகம் கொடுக்காமல் உட்கார்ந்தேன். நீ என் தலையைத் துவட்டியபடி கேட்டாய்.

"இன்னிக்கு யாருடி?"

அலுவலகத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே எல்லாம் எண்தான்.

"ஒரு பொண்ணும்மா. என் வயசு இருக்கும்."

"கொழந்தை உண்டோ?"

"எலும்பைப் பாத்து நிச்சயமாச் சொல்ல முடியாது. கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிருக்கு."

"அப்போ நன்னா மென்னு சாப்பிட்டவ. பாவம், இப்போ அவளுக்கு யார் போடறா?"

அடுத்த நாள் காலை கொல்லை மதிலில் காக்கைக்கு வைக்கும் சாதம் இரண்டு உருண்டையாக இருந்தது. "ஒண்ணு நம்மாத்துப் பெரியவாளுக்கு. இன்னொண்ணு உன் பெட்டிக்காராளுக்கு."

நான் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். என்ன காகிதம் என்று நீ கேட்கவில்லை.

உன்னிடம் நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "போடி, சாதம் ஆறிடும்" என்றிருப்பாய். இப்போதும் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் கை வைக்கும்போது உன் கேள்வி காதில் விழுகிறது. கொஞ்சம் மெதுவாகத் திறக்கிறேன்.

இன்று காலை நான்தான் சாதம் வைத்தேன். முதல் உருண்டையில் இப்போது நீயும் இருக்கிறாய். காக்கை அதை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் முதலில் கொத்தியது. மாமா பார்த்திருந்தால் உனக்கு ஏதோ மனக்குறை என்று பதறியிருப்பார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்குப் போட்ட பிறகுதானே நீ எப்போதும் சாப்பிட உட்காருவாய்.